செமஸ்டர் முடிந்த இரவு எந்தக் கொலையைப் பார்ப்பது?

தேர்வு முடிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பாமல் விடுதியில் மிஞ்சியிருப்பவர்கள் பதினைந்து இருபது பேர். கடன் வாங்கிய புரொஜெக்டர், டிவி ரூம் சுவரில் ஆணியடித்துக் கட்டிய வேட்டி. ஒரு படத்துக்குத்தான் நேரம், காலையில் பாதிப் பேருக்கு ரயில். துப்பறியும் படமாக இருக்க வேண்டும், அதுவும் கல்லூரியில் நடக்க வேண்டும் என்பது வரை எல்லோரும் ஒரே கட்சி. எந்தப் படம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர்.

கோவையில் படிக்கும் அக்கா மகன் போன மாதம் இந்தப் பஞ்சாயத்தை என்னிடம் கொண்டுவந்தான். “மாமா, நாலு படம் லிஸ்ட்ல நிக்குது. ஓட்டுப் போட்டா நாலுக்கும் சமமா விழுது. நீங்களே சொல்லுங்க.”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் விடுதியில் இருந்தபோது இப்படித்தான் ஓர் இரவு வாடகை விசிடியில் கொலைப்படம் போட்டோம். மூன்று டிஸ்க். மூன்றாவது டிஸ்க்கில் போலீஸ்காரர் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, “கொலை செய்தது...” என்று கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது. லுங்கியில் துடைத்தோம், டூத்பேஸ்ட் தடவினோம், ஊதினோம். கை மடங்கவே இல்லை. கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. எங்கள் வீட்டில் இந்தக் கதை பிரசித்தம்.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான்கு படத்திலும் யார் செய்தது என்று சொல்லமாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வங்கிக் கிளைச் சோதனை. கதையை அப்படியே பெயர்த்து ஒரு வங்கிக் கிளையில் வைத்துப் பாருங்கள். மாணவர்கள் கிளார்க்குகளாகவும் ஹெச்ஓடி மேனேஜராகவும் மாறியபின்னும் கதை குலுங்காமல் நின்றால், அதில் கல்லூரி வெறும் வால்பேப்பர். கல்லூரியில் மட்டுமே விளையக்கூடிய பகை, அங்கு மட்டுமே கிடைக்கும் சாவி, அங்கு மட்டுமே எழும் பயம் என்று ஏதாவது கொலைக்குக் காரணமாக இருக்க வேண்டும். கல்லூரி மர்மப் படம் என்று தேடினால் வரும் பட்டியல்களில் பாதி இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, துப்பு நம் கண்ணெதிரே வைக்கப்பட்டதா என்பது. கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக ஒரு தம்பியை அறிமுகப்படுத்தி அவன்தான் செய்தான் என்றால் அது ஏமாற்று.

மூன்றாவது, தேடுவது யார்? போலீஸ்காரருக்கு விசாரிக்க அதிகாரம் இருக்கிறது. மாணவனிடம் இருப்பது அடையாள அட்டை, ஒரு நண்பன், பூட்டாமல் விட்ட லேப் கதவு, அவ்வளவுதான். இந்த வகைப் படத்தின் ருசியே அந்தக் கையாலாகாத்தனத்தில் இருக்கிறது.

நான்காவது கூட்டத்துக்குத் தோதுப்படுமா என்பது. நீளம், சப்டைட்டில், நெளிய வைக்கும் காட்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒருவன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபத்து.

பட்டியலுக்கு வராத சிலவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ‘ராட்சசன்’ (2018) பள்ளி மாணவிகளைச் சுற்றிய போலீஸ் கதை. ரையன் ஜான்சனின் ‘பிரிக்’ (2005) எனக்கு ரொம்பப் பிடித்த படம்தான், ஆனால் அது அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் நடக்கிறது. ‘ஸ்க்ரீம் 2’ (1997) கல்லூரியில் நடந்தாலும் முதல் பாகம் பார்க்காதவர்களுக்குப் பாதி விளங்காது. தமிழில் ஜேடி–ஜெர்ரியின் ‘விசில்’ (2003) இருக்கிறது. அதற்குத் துப்பறிவதைவிடத் திடுக்கிட வைப்பதில் நாட்டம் அதிகம் என்பது என் எண்ணம்.

## கிளாஸ்மேட்ஸ் (மலையாளம், 2006)

லால் ஜோஸ் இயக்கம், ஜேம்ஸ் ஆல்பர்ட் எழுத்து. 1991-இல் படித்த வகுப்பு பல வருடம் கழித்துப் பழைய கல்லூரியில் கூடுகிறது. பிருத்விராஜ் இப்போது வியாபாரி, ஜெயசூர்யா அரசியல்வாதி, காவ்யா மாதவன் நடனக்காரி. அந்த நாளில் முரளி என்றொரு பாட்டுக்காரப் பையன் இறந்துபோயிருக்கிறான், அது நரேன். கூடிய அன்றிரவே பழைய நண்பர்களில் ஒருவன் உயிருக்குப் போராடும் நிலையில் கிடக்கிறான். யார் செய்தது என்று தேடப் போனால் விடை பழைய நாட்களுக்குள் புதைந்திருக்கிறது.

வங்கிக் கிளைச் சோதனையில் இந்தப் படத்துக்குச் சென்டம். இதில் நடக்கும் எதுவுமே யூனியன் தேர்தலும் விடுதி அறையும் வகுப்பு பெஞ்சும் இல்லாமல் நடந்திருக்க முடியாது. ஒரே சம்பவத்தை ஒருவர் சொல்லும்போது பார்க்கிறோம். பிறகு இன்னொருவர் சொல்லும்போது அதே சம்பவத்தில் நாம் கவனிக்காத ஒரு வாசல் திறக்கிறது. யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் பங்கு மட்டும் அவரவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பக்கத்தில் இருப்பவனின் பாதிக் கதை தெரியாமல் போவது கல்லூரிக்கே உரிய நோய். இந்தப் படம் அதையே துப்பாக மாற்றிவிட்டது. திரும்பப் பார்க்கும்போதுதான் எவ்வளவு வெளிப்படையாக எல்லாவற்றையும் முன்னாலேயே வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு இரண்டாம் முறைதான் அதிகம் பிடித்தது.

படப்பிடிப்பு நடந்தது கோட்டயம் சிஎம்எஸ் கல்லூரியில். 1817-இல் தொடங்கிய கல்லூரி அது. அந்த மரங்களும் ஓட்டுக் கூரையும் செட் போட்டு வருவதல்ல. கேரளத்தில் பழைய மாணவர் சந்திப்புகள் திடீரென்று பெருகியதற்கு இந்தப் படத்தைக் காரணம் சொல்பவர்கள் இன்றும் உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். கொலையை எதிர்பார்த்து உட்கார்ந்தவனுக்கு முதல் ஒரு மணி நேரம் கல்லூரிக் கலாட்டா மாதிரிதான் தெரியும். பாட்டு வரும், போட்டி வரும், கொடி பிடிப்பார்கள். அந்த நேரத்தில் கைபேசியை எடுத்தவன் துப்புகளை விட்டுவிடுவான், கடைசியில் “இது எப்போ நடந்துச்சு?” என்று பக்கத்தில் இருப்பவனைக் குடைவான். அடுத்து மொழி. மலையாளம் நமக்குப் புரிகிற மாதிரிதான் இருக்கும். கதை புரியும், நக்கல் நழுவும்.

தமிழிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2009-இல் குமரவேலன் இயக்கத்தில் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று வந்தது. பிருத்விராஜே அதிலும் அதே வேடத்தில் நடித்தார், கூட சக்தி, பிரியாமணி, இசை விஜய் ஆண்டனி. ஆனால் இரண்டு சிக்கல். பெயரைப் போட்டுத் தேடினால் கே. பாலசந்தரின் 1979 படம் முன்னால் வந்து நிற்கும். அவசரத்தில் அதைப் போட்டுவிட்டு, ரஜினியும் கமலும் பாடி முடித்த பிறகு கொலை வரும் என்று காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது சிக்கல் பெரியது. கேரளக் கல்லூரியில் மாணவர் தேர்தல் என்றால் கட்சி, கொடி, கோஷம், குடும்பப் பகை. நம்மூர்த் தனியார் கல்லூரிகள் பலவற்றில் சேர்மன் தேர்தல் என்பதே சீனியர்கள் சொல்லிக் கேள்விப்பட்ட விஷயம். அதனால் தமிழில் பார்க்கும்போது “ஒரு எலெக்‌ஷனுக்கா இவ்வளவு?” என்று தோன்றிவிடுகிறது. மூலப்படம் வந்த அதே 2006-இல்தான், மாணவர் தேர்தல் விதிமுறைகளை ஆராய அமைக்கப்பட்ட லிங்டோ குழு, மாணவர் தேர்தலைக் கட்சிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று பரிந்துரைத்தது. அப்படி ஒரு உச்சவரம்பு ஏன் தேவைப்பட்டது என்று படத்தின் தேர்தல் காட்சிகளைப் பார்த்தால் புரியும்.

ஆக, மலையாளத்திலேயே போடுங்கள். பெரிய கூட்டம், கலவையான ரசனை, கடைசி வருடப் பிள்ளைகள் பிரியப்போகும் நேரம் என்றால் இதற்கு இணை இல்லை.

## தெசிஸ் (ஸ்பானிஷ், 1996)

தலைப்பின் பொருள் ஆய்வேடு. திரையில் வன்முறை என்ற தலைப்பில் ஆய்வேடு எழுதும் ஆஞ்செலா, நூலகத்தில் எளிதில் கிடைக்காத கொடூரமான வீடியோக்களைப் பார்க்க உதவுமாறு தன் கைடிடம் கேட்கிறாள். அவர் துறையின் வீடியோ கிடங்கில் தேடி ஒரு டேப்பை எடுக்கிறார், திரையறையில் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறார். மறுநாள் அவரை அந்த நாற்காலியில் பிணமாகப் பார்ப்பது ஆஞ்செலாதான். பயந்து ஓடாமல் இயந்திரத்திலிருந்து டேப்பை உருவி எடுத்துப் போகிறாளே, அங்கேதான் படம் ஆரம்பம்.

பிஎச்டி செய்பவர்கள் இந்த இடத்தில் வேறு மாதிரி நடுங்குவார்கள். கைடு போனால் அடுத்த கைடு யார்? துறை ஒருவரை நியமிக்கிறது. அவரிடம் தலைப்பை விளக்க வேண்டும், ஏன் இந்த ஆய்வு என்று பதில் சொல்ல வேண்டும், அதே சமயம் டேப் தன்னிடம் இருப்பதை மறைக்க வேண்டும். வங்கிக் கிளையில் இந்தப் பயம் கிடையாது.

இயக்குநர் அலெஹாந்த்ரோ அமெனாபார் மாட்ரிட் கோம்ப்ளூதென்சே பல்கலைக்கழகத்தின் ஊடகத் துறையில் படித்தவர். அங்கேயே, அந்தக் கான்கிரீட் தாழ்வாரங்களிலேயே தன் இருபதுகளின் தொடக்கத்தில் இந்தப் படத்தை எடுத்தார். ஸ்பெயின் திரையுலகின் பெரிய விருதான கோயா, சிறந்த படம் உட்பட ஏழு பிரிவுகளில் கிடைத்தது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த ஆஞ்செலாவுக்கு டேப்பைப் பார்க்கவும் தைரியமில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. டிவியின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துத் திரையை இருட்டாக்கிவிட்டு ஒலியை மட்டும் ஓடவிடுகிறாள். நாமும் அவளும் இருட்டுத் திரையை வெறித்தபடி அலறலைக் கேட்கிறோம். படம் முழுக்க இதே உத்திதான். ரத்தம் குறைவு, பார்க்கலாமா வேண்டாமா என்ற இழுபறி அதிகம்.

துப்புகளும் ஊடக மாணவர்களுக்கென்றே செய்தவை. கொடூரப் படங்களைச் சேர்த்துவைக்கும் சேமா என்ற வகுப்புத் தோழன் அவளோடு சேர்கிறான். டேப்பில் எங்கெங்கே வெட்டியிருக்கிறார்கள், ஏன் அங்கே வெட்டினார்கள் என்று அவன் யோசிக்கிறான். ஜூம் ஆகும் விதத்தை வைத்து எந்த கேமரா என்று பிடிக்கிறான். எடிட்டிங் லேபில் கற்றது கொலைகாரனைத் தேட உதவுகிறது. இவனா அவனா என்று சில இடங்களில் கூடுதலாகவே ஆட்டம் காட்டுகிறார்கள் என்பது ஒன்றுதான் என் குறை.

செலவு? 125 நிமிடம், ஸ்பானிஷ், சப்டைட்டில். சுவரில் கட்டிய வேட்டியில் காற்றடித்தால் கீழ்வரி மடங்கிப்போகும், பின்வரிசை முழுக்க “என்ன சொன்னான்?” என்று கேட்டபடி இருக்கும். அதைவிட முக்கியம், ஒரு பெண்ணை வதைத்துக் கொன்று படமெடுத்தது பற்றிய கதை இது. காட்டுவது குறைவு என்றாலும் காதில் விழுவது குறைவில்லை. கூட்டத்தில் யாராவது அதைத் தாங்க மாட்டார்கள் என்று தோன்றினால் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. நாலைந்து பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்காருவதற்கு இதுதான் படம். விஸ்காம் பிள்ளைகள் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

## பிளாக் கிறிஸ்துமஸ் (ஆங்கிலம், 1974)

பாப் கிளார்க் கனடாவில் எடுத்தது, 98 நிமிடம். மாணவியர் சங்கம் ஒன்றின் வீடு. வார்டன் இடத்தில் ரகசியமாகக் குடிக்கும் ஒரு அம்மாள். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்குகிறது, ஆபாசமாகப் பேசும் ஒருவனின் தொலைபேசி அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பெண் காணாமல் போகிறாள்.

காணாமல் போனவளை யாரும் தேடவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று விடுதி நினைக்கிறது, விடுதியில் இருப்பாள் என்று ஊர் நினைக்கிறது. அழைத்துப்போக வந்த அப்பா, சொன்ன இடத்தில் மகள் வராமல் காத்து நிற்கும்போதுதான் சந்தேகமே முளைக்கிறது. செமஸ்டர் லீவின் முதல் நாளில் மட்டும் இருக்கும் ஓட்டை அது. கொலைகாரன் நுழைவது அந்த ஓட்டை வழியாக. வங்கிக் கிளைச் சோதனையில் இதுவும் தேறிவிட்டது.

துப்பறியும் பகுதியில் எனக்குப் பிடித்தது தொலைபேசி நிலையக் காட்சி. இன்றுபோல் எண் திரையில் விழும் காலமல்ல. அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் ஊழியர் நிலையத்துக்குள் அடுக்கடுக்காக நிற்கும் சுவிட்ச் சட்டங்களுக்கிடையே ஓடி ஓடி இணைப்பைப் பின்தொடர வேண்டும். அதுவரை இணைப்பு துண்டிக்கப்படக்கூடாது. அதனால் அந்தப் பெண் தன்னைக் கொல்லக்கூடியவனோடு பேச்சை வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே பேச்சு, அங்கே ஓட்டம். கைபேசித் தலைமுறைக்கு இதைக் கொஞ்சம் விளக்கிவிட்டுப் படத்தைப் போடுவது நல்லது, இல்லாவிட்டால் அவர் ஏன் ஓடுகிறார் என்று சிரிப்பார்கள்.

இதில் இரண்டு செலவு. 2006-லும் 2019-லும் இதே பெயரில் மறுபடி எடுத்திருக்கிறார்கள், ஆண்டைப் பார்த்து எடுக்கவில்லையென்றால் இரவு வீண். இன்னொன்று, கூட்டத்துக்கு ஒத்துவருமா என்பதையே முடிவு செய்யும் விஷயம். கொலைகாரன் யார், ஏன் செய்தான் என்ற விடையைத் தட்டில் வைத்துத் தரும் படமல்ல இது. துப்பு வைத்தார்களா என்ற என் இரண்டாம் அளவுகோல் இங்கே செல்லுபடியே ஆகாது. அந்த ஆபாச அழைப்புகளும் கேட்கச் சகிக்காதவை, தங்கை பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

விடுதி காலியாகும் இரவில், தாழ்வாரத்தின் கடைசி விளக்கு எரியாத கட்டடத்தில் பார்த்தால் இதன் பலமே தனி.

## தி ஆக்ஸ்ஃபோர்டு மர்டர்ஸ் (ஆங்கிலம், 2008)

காகிதமும் காபி டம்ளரும் எடுங்கள். டம்ளரைக் கவிழ்த்து ஒரு வட்டம் வரையுங்கள். விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால் வட்டம் ஒரே துண்டு. இரண்டு புள்ளி வைத்து இணைத்தால் 2. மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4. நாலு வைத்தால் 8, ஐந்து வைத்தால் 16. ஆறுக்கு? 32 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரைந்து எண்ணிப் பாருங்கள், 31-க்கு மேல் வராது. புள்ளிகளைச் சரிசமமான இடைவெளியில் வைத்துவிட்டால் 30-தான்.

ஒரு வரிசையின் முதல் சில உறுப்புகளை வைத்து அடுத்ததைச் சொல்லிவிட முடியுமா என்ற இந்தச் சந்தேகத்தின் மீதுதான் படம் நிற்கிறது. கணித நூலாசிரியர் ஆர்தர் செல்டமைக் கைடாகப் பிடிக்க அமெரிக்காவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறான் மார்ட்டின். செல்டமாக ஜான் ஹர்ட், மார்ட்டினாக எலைஜா வுட். மார்ட்டின் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாள் கொல்லப்படுகிறார். ஒரு சீட்டில் வட்டம் ஒன்று. அடுத்த குறி என்ன என்பதுதான் புதிர். மூலக்கதையை எழுதிய அர்ஜென்டினாக்காரர் கியெர்மோ மார்ட்டினெஸ் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தத் தெளிவு கருவில் தெரிகிறது. இயக்குநர் அலெக்ஸ் டி லா இக்லேசியாவிடம் வரும்போது காதல் வருகிறது, சொற்பொழிவு வருகிறது, கரு ஊறிப்போகிறது. எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசுவது தத்துவவாதி விட்கன்ஸ்டைனைப் பற்றி.

கணிதத் துறைக்காரர் ஒருவர் தனியாக, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டிய படம். இருபது பேர் மத்தியில் போட்டால் அரை மணியில் சீட்டுக்கட்டு வெளியே வரும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிளாஸ்மேட்ஸ் | தெசிஸ் | பிளாக் கிறிஸ்துமஸ் | ஆக்ஸ்ஃபோர்டு மர்டர்ஸ் |
|---|---|---|---|---|
| வங்கிக் கிளைச் சோதனை | சென்டம் | தேர்ச்சி, உயர் மதிப்பெண் | தேர்ச்சி | கைடு தேடும் வரை தேர்ச்சி, பிறகு அரியர் |
| துப்பு நியாயமா | ஆம் | பெரும்பாலும் | கேள்வியே எழாது | கரு நியாயம், வழி சுற்று |
| தேடுவது | பழைய நண்பர்கள் | மாணவியும் தோழனும் | போலீஸ் | பேராசிரியரும் மாணவனும் |
| பெரிய செலவு | மெதுவான முதல் பாதி | மனதைக் கலக்கும் பொருள் | விடை கிடையாது | ஓயாத பேச்சு |
| எத்தனை பேருக்கு | இருபதுக்கும் மேல் | நாலைந்து | பயப்படத் தயாரானவர்கள் | ஒருவர் |

ஏற்கெனவே பார்த்தவன் உட்கார்ந்திருக்கும் ஆபத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கிளாஸ்மேட்ஸை அவன் ஒரே பெயரில் கொன்றுவிடுவான், வாயைக் கட்டி உட்காரவையுங்கள். பிளாக் கிறிஸ்துமஸில் அவனால் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா மகனிடம் கிளாஸ்மேட்ஸ் என்றுதான் சொன்னேன். “சரி மாமா” என்றான். அவர்கள் போட்டது பிளாக் கிறிஸ்துமஸ். விடுதியில் பாதி விளக்கு அணைந்திருந்ததாம், பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியதாம். ராத்திரி ஒரு மணிக்கு போன் வந்தது.

“மாமா, படம் முடிஞ்சிடுச்சு. யாருன்னே சொல்லல.”

“மூணாவது டிஸ்க்கைத் துடைச்சுப் பாத்தீங்களா?”

பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள். அடுத்து ஒருவன், தாழ்வாரத்து விளக்கை யாராவது போய்ப் போட்டுவிட்டு வாங்கடா என்று கத்தியது கேட்டது. யாரும் எழுந்து போன சத்தம் கேட்கவில்லை.